நோன்புக்கு முன் ஒரு சிறுநீரக ஆலோசனை: திருநெல்வேலித் தனியார் மருத்துவமனை ஒன்றின் சேவை பற்றிய மதிப்புரை

திருநெல்வேலியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவு, நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள முஸ்லிம்களுக்கென்று, ரமலானுக்கு முந்தைய வாரங்களில் தனி ஆலோசனை நேரம் ஒதுக்கித் தருகிறது. எங்கள் குடும்பத்திலிருந்து இருவர் இந்தச் சேவையைப் பெற்றார்கள். ஒருவர் என் உம்மா. நீண்ட காலமாக நீரிழிவும், மூன்றாம் நிலைச் சிறுநீரக நோயும் உள்ளவர். மற்றவர் உம்மாவின் மூத்த சகோதரரான என் மாமா. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். மருத்துவமனையின் பெயர் இங்கே அவசியமில்லை. இப்படியொரு சேவையிடம் நாம் எதைக் கேட்டுப் பெற வேண்டும், எது கிடைக்காவிட்டால் வற்புறுத்த வேண்டும் என்பதே வாசகருக்குப் பயன்படும் என்பதால், நிறைகளையும் குறைகளையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் வீடுகளில் சிறுநீரக நோயாளிகளுக்கு நோன்பினால் ஏற்படும் ஆபத்தில் பெரும்பகுதி, அவர்கள் நோன்பு வைப்பதை மருத்துவரிடம் மறைப்பதிலிருந்தே வருகிறது என்பது என் உறுதியான கருத்து. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, காலை மாத்திரையைத் தாமாகவே விடியலுக்கு முந்தைய உணவான ஸஹருக்கு மாற்றி, மதிய மாத்திரையை விட்டுவிட்டு, பெருநாள் கழிந்த பிறகு வீங்கிய காலோடு மருத்துவமனைக்கு வருகிறவர்களை நாம் எல்லோரும் அறிவோம். ஆகவே, நோன்பு வைக்க விரும்புகிறீர்களா என்ற கேள்வியை மருத்துவரே முதலில் கேட்கும் ஓர் அறை இருப்பது, அந்த ஒரு காரணத்துக்காகவே வரவேற்கத்தக்கது. உம்மாவிடம் அந்தக் கேள்வி கண்டிப்பின் சாயல் சிறிதுமின்றிக் கேட்கப்பட்டது. சென்ற ஆண்டுகளில் வைத்த நோன்புகளைப் பற்றி உம்மா அங்கே சொன்ன சில செய்திகள் எங்களுக்கே புதியவை.

முதல் சந்திப்பில் இரத்த அழுத்தம், உடல் எடை, கால்வீக்கம் ஆகியவற்றைப் பார்த்தார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், பொட்டாசியம், சோடியம், மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்.பி.ஏ.1.சி., சிறுநீரில் அல்புமின் எனும் புரதம் ஆகிய பரிசோதனைகளை எடுத்தார்கள். கிரியாட்டினினை மட்டும் பார்த்து எதையும் சொல்லாமல், அதிலிருந்து கணக்கிடப்படும் ஜி.எஃப்.ஆர். எனும் வடிகட்டும் திறனைக் கொண்டே பேசினார்கள். இந்த எண் 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது மூன்றாம் நிலை. 30-க்குக் கீழே நான்காம் நிலை. 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை. நான்காம், ஐந்தாம் நிலையில் இருப்பவர்களும், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் மிக அதிக ஆபத்துப் பிரிவில் வருவதால் அவர்களை நோன்பு வைக்க வேண்டாம் என்றே இந்தப் பிரிவில் சொல்கிறார்கள். மூன்றாம் நிலையிலும் ஆபத்து அதிகம்தான். ஆயினும் நோய் பல மாதங்களாக ஒரே நிலையில் நின்று, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால், கண்காணிப்போடு முயலலாமா என்று ஆளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். உம்மாவின் அளவு 40-ஐ ஒட்டி ஓர் ஆண்டுக்கும் மேலாக அசையாமல் நின்றிருந்ததால், நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே, கடமையல்லாத நஃபிலான நோன்புகள் ஒன்றிரண்டை ஒத்திகையாக வைத்துப் பார்த்து, அன்று மாலை எடையையும் சர்க்கரையையும் குறித்துவரச் சொன்னது எனக்கு மிகச் சிறந்த யோசனையாகப் பட்டது. ரமலானின் முதல் நாளில் வீடே பரபரப்பாக இருக்கும்போது ஓர் உடலைச் சோதித்துப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பானது.

இந்தச் சேவையின் தரத்தை நான் எடைபோட்டது, மருத்துவர் அளித்த விளக்கத்தை வைத்துத்தான். நலமுள்ள சிறுநீரகம், நாம் தண்ணீர் குடிக்காத நேரத்தில் சிறுநீரை அடர்த்தியாக்கி, உடலின் நீரைக் காத்துக்கொள்கிறது. நோன்பு நாளின் மாலையில் சிறுநீர் குறைவாகவும் மஞ்சளாகவும் போவது அதனால்தான். பழுதடைந்த சிறுநீரகம் இந்த அடர்த்தியாக்கும் திறனைப் படிப்படியாக இழந்துவிடுவதால், குடிக்காத நேரத்திலும் நீர்த்த சிறுநீரையே வெளியேற்றிக்கொண்டிருக்கும். சிறுநீரக நோயாளிகள் பலர் இரவில் திரும்பத் திரும்பச் சிறுநீர் கழிக்க எழுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே நலமுள்ள ஒருவர் எளிதாகத் தாங்கும் அதே பதின்மூன்று மணி நேர நோன்பில் இவர்களுடைய உடல் கூடுதலான நீரை இழக்கிறது. இரத்த ஓட்டம் குறைகிறது. ஏற்கெனவே நலிந்த உறுப்புக்குத் திடீர்ச் செயலிழப்பு நேரும் வாய்ப்பு கூடுகிறது. ஸஹரில் ஒரே மூச்சாகக் குடித்து வைத்துக்கொள்வதால் பயனில்லை. அதில் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் வெளியேறிவிடும். நோன்பு திறக்கும் இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை இடைவெளி விட்டுக் குவளை குவளையாகப் பருக வேண்டும் என்பதன் காரணம் இதுதான். உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இரவில் எழுந்திருப்பது வயதினால் வருவது என்று இத்தனை நாள் நினைத்திருந்ததாகச் சொன்னார்.

மாமாவின் உடல் இதற்கு நேர்மாறானது. அவருக்குச் சிறுநீர் கழிவது மிகக் குறைந்துவிட்டதால், உள்ளே போகும் நீர் அடுத்த டயாலிசிஸ் வரை உடலிலேயே தங்குகிறது. பகல் முழுவதும் தாகத்தோடு இருந்துவிட்டு இரவில் அள்ளிப் பருகினால், அந்த நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம். இஃப்தார் உணவில் உள்ள பொட்டாசியம் வெளியேற வழியின்றி இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அவரை நோன்பு வைக்க வேண்டாம் என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். ஆயினும் மாமா தலையைக் குனிந்துகொண்டு, டயாலிசிஸ் இல்லாத நாள்களில் மட்டுமாவது வைக்கலாமா என்று கேட்டார். சிலர் அவ்வாறு வைக்கிறார்கள் என்பதை மறைக்காமல், அவருடைய பொட்டாசியம் அளவையும், இரண்டு டயாலிசிஸ்களுக்கு இடையில் அவருக்கு ஏறும் எடையையும் தாளில் காட்டி, அவருக்கு அது ஏன் ஒத்துவராது என்று மருத்துவர் விளக்கினார். இந்தப் பொறுமைக்கு நான் நன்றி சொல்கிறேன்.

அதே அறையில் மார்க்க அறிஞரான ஓர் ஆலிமும் அமர்ந்திருந்தார். சேவையின் மிகப் பெரிய சிறப்பாக நான் கருதுவது இதைத்தான். மருத்துவர் சொல்வதை மார்க்கம் ஏற்குமா என்ற ஐயத்தோடு வீடு திரும்புகிறவர், ஊரில் யாரோ ஒருவர் சொல்லும் அரைகுறைப் பேச்சைக் கேட்டு மனம் மாறிவிடுவார். இங்கே அந்த ஆலிம் ஹஜ்ரத், நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் அளிக்கப்பட்டுள்ள சலுகையைக் குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தின் 184, 185 ஆம் வசனங்களிலிருந்து எடுத்துச் சொன்னார். குணமாகும் நம்பிக்கை உள்ளவர், விட்ட நோன்பைப் பின்னர் வைத்துக் கழா செய்ய வேண்டும். மீள வழியில்லாத நாள்பட்ட நோயாளி, விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவைக் கொடுக்க வேண்டும். ஃபித்யாவின் அளவில் ஷாஃபிஈ, ஹனஃபி எனும் மார்க்கச் சட்ட மரபுகளான மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால், அதை அவரவர் பள்ளிவாசலில் கேட்டுக்கொள்ளச் சொன்னார். டயாலிசிஸின்போது சத்துப் பொருள்கள் கலந்த திரவத்தோடு தொடர்புகொண்டு இரத்தம் மீண்டும் உடலுக்குள் செலுத்தப்படுவதால் அது நோன்பை முறித்துவிடும் என்பதே அறிஞர்கள் பலருடைய தீர்ப்பு என்றும், பரிசோதனைக்காகச் சிறிதளவு இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்றும் விளக்கினார். நோன்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சி ரமலானில் இரத்தப் பரிசோதனையையே தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால், கடைசியாகச் சொன்ன செய்தியை வெள்ளிக்கிழமை ஜும்ஆவிலும் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். மாமாவிடம் அவர், “மார்க்கம் கொடுத்த சலுகையை மறுப்பது பக்தியாகாது, காக்கா (அண்ணா)” என்று மெதுவாகச் சொன்னபோது, மாமா வெகுநேரம் பேசாமலிருந்து, பிறகு ஃபித்யாவை யாரிடம் சேர்ப்பது என்று கேட்டார்.

மருந்துகளை மாற்றியமைத்த விதத்திலும் குறை சொல்ல ஏதுமில்லை. உம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையை இஃப்தாருக்குப் பின் என்று மாற்றினார்கள். பேச்சு வழக்கில் நீர் மாத்திரை என்று சொல்லப்படும் டையூரெட்டிக்கின் அளவைக் குறைத்தார்கள். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் சிறுநீரக நோயாளிகளின் உடலில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் வேலை செய்வதால், பட்டினி நேரத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கும் அபாயம் அவர்களுக்கு அதிகம். அதற்கேற்ப ஸஹர் நேர மாத்திரையைக் குறைத்து, பகலில் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டிய நேரங்களையும் எழுதித் தந்தார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-க்கு மேலே ஏறினாலும், மணி எதுவானாலும், உடனே நோன்பை முறித்துவிட வேண்டும். மயக்கம், மூச்சுத்திணறல், சிறுநீர் வெகுவாகக் குறைதல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கும் அதே விதி. இந்த மாற்றங்கள் உம்மாவின் உடலுக்கென்று செய்யப்பட்டவை என்பதால், இதைப் படிக்கும் எவரும் தம் மாத்திரைகளில் இவற்றைப் பார்த்துக் கை வைக்க வேண்டாம். உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் எடுக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அடக்கி மருந்தின் நேரம் தவறினால், கிடைத்த உறுப்பையே இழக்க நேரிடலாம்.

வலி மாத்திரைகளைப் பற்றித் தனியாக எச்சரித்ததைப் பாராட்டுகிறேன். பகல் முழுவதும் தேநீரும் தண்ணீரும் இல்லாமல் வரும் தலைவலிக்கு, இஃப்தார் முடிந்ததும் மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக்கோ ஐபுபுரூஃபெனோ வாங்கிப் போட்டுக்கொள்வது நம் ஊர்களில் சாதாரணம். நீரிழப்போடு இருக்கும் சிறுநீரகத்தில், இரத்த அழுத்த மாத்திரைகளில் சில வகைகளும் நீர் மாத்திரையும் சேர்ந்திருக்கும்போது இந்த வலி மாத்திரையும் போய்ச் சேர்ந்தால், அது திடீர்ச் செயலிழப்பையே கொண்டுவரக்கூடும்.

உணவு ஆலோசனைதான் இந்தச் சேவையின் பலவீனமான பகுதி. எங்களுக்கு இரண்டு தாள்கள் தரப்பட்டன. ஒன்று சிறுநீரக நோயாளிகளுக்கான பொதுவான உணவுப் பட்டியல். மற்றொன்று எல்லோருக்குமான ரமலான் உணவுக் குறிப்பு. முதல் தாள் பொட்டாசியம் மிகுந்தது என்று விலக்கும் இளநீரையும் வாழைப்பழத்தையும், இரண்டாம் தாள் நோன்பு திறக்கச் சிறந்தவை என்று பரிந்துரைக்கிறது. ஒரு குவளை இளநீரில் ஏறத்தாழ 400 முதல் 600 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கக்கூடும். டயாலிசிஸ் நோயாளி ஒருவர் அந்த இரண்டாம் தாளை நம்பி நடந்தால் என்னவாகும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. சுட்டிக்காட்டியபோது உணவியலாளர் உடனே ஒப்புக்கொண்டு பேனாவால் அடித்துத் தந்தார். ஆனால் எங்களுக்கு முன் வந்தவர்கள் அதே தாளோடுதான் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அச்சிலேயே திருத்தப்பட வேண்டிய பிழை அது.

நம் நோன்புத் திறப்பில் உண்மையில் இருப்பவை அந்தத் தாள்களில் இடம்பெறவில்லை. பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் வரும் நோன்புக் கஞ்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓட்ஸும் சாலட்டும் இருந்தன. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், சில ஊர்களில் கொத்துக்கறி சேர்த்துக் காய்ச்சும் அந்தக் கஞ்சியில் எவ்வளவு உப்பு என்பது வாங்கி வருகிறவருக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, கஞ்சியும் வடையும் சமோசாவும் ஊறுகாயும் ஒரே அமர்வில் சேர்ந்தால் கணக்கு எங்கே போகும்? நாங்களே கேட்டுக் கேட்டுப் பெற்ற பதில், கஞ்சியை உப்புக் குறைத்து வீட்டிலேயே காய்ச்சி ஒரு சிறு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது. மாமாவைப் போன்றவர்கள் கஞ்சியையும் நன்னாரி சர்பத்தையும் ரோஸ் மில்க்கையும் அன்றைய தண்ணீர்க் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நோன்பு வைக்காத நோயாளியும் குடும்பத்தோடு இஃப்தாரில் உட்காருவார் என்பதை இந்தச் சேவையில் யாரும் எண்ணிப்பார்க்கவில்லை. நோன்பு வேண்டாம் என்று சொன்னதோடு அவருக்கான ஆலோசனை முடிந்துவிட்டது.

பேரீச்சம்பழத்துக்கும் தெளிவான பதில் வேண்டியிருந்தது. அதில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 650 முதல் 700 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. பெரிய மெஜூல் பழம் ஒன்றில் 160 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். சிறிய வகைப் பழம் ஒன்றில் 50 அளவில் இருக்கும். ஆகவே சிறிய பழம் ஒன்றோடு நோன்பைத் திறப்பது உம்மாவைப் போன்ற பலருக்கு இயலக்கூடியதே. கிண்ணத்தை அருகில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே தின்பதுதான் கூடாது. காய்கறியைச் சிறிதாக நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். உப்பைக் குறைக்கிறேன் என்று சோடியம் குறைந்த உப்பை வாங்கி வைத்திருப்பவர்கள், அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் சேர்க்கப்படுகிறது என்பதை அறிந்து, சிறுநீரக நோயாளி உள்ள வீட்டில் அதைத் தவிர்க்க வேண்டும். இவ்வளவையும் நோயாளியின் வீட்டார் கேள்வி கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது என்றால், கேட்கத் தெரியாதவர்களுக்கு என்ன கிடைக்கும்?

தாள்களில் இருந்த சில குறிப்புகள் வேறு நாட்டிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டவை என்பதும் தெரிந்தது. கோடைகாலத்தில் பதினெட்டு மணி நேரத்தைத் தொடும் நோன்பு ஐரோப்பாவின் வடக்கில் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நமக்கு ஆண்டு முழுவதும் நோன்பின் நீளம் ஏறக்குறைய 13 முதல் 14 மணி நேரம்தான். நமக்கு மாறுவது வெயில். ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள்கள் முன்னே நகர்வதால், ஏப்ரல், மே மாத வெயிலிலிருந்து அது இப்போது விலகிக்கொண்டிருக்கிறது. 2026-இல் பிப்ரவரியில் தொடங்கியது, 2030-இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரு முறை தொடங்கும். கழாவுள்ளவர்கள் மார்கழி, தை மாதங்களைத் தேர்ந்தெடுப்பதற்கும் குளிர்ச்சிதான் காரணமாக இருக்க முடியும்; பகல் நம் ஊரில் பெரிதாகச் சுருங்கிவிடுவதில்லை. வெயிலில் வேலை செய்கிறவர், அடுப்படியில் நிற்பவர், குளிர்சாதன அறையில் இருப்பவர் என்று பிரித்துப் பேசும் ஆலோசனையே நம் ஊருக்குப் பொருந்தும்.

தொடர் கண்காணிப்பு பாதி நன்றாகவும் பாதி குறையோடும் இருந்தது. முதல் வார இறுதியில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் மீண்டும் பார்க்க வேண்டும், கிரியாட்டினின் பழைய அளவைவிட 30 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தால் நோன்பை நிறுத்திவிட வேண்டும் என்ற வரம்பை முன்பே எழுத்தில் தந்திருந்தார்கள். உம்மாவுக்குச் சிறிதே உயர்ந்து வரம்புக்குள் நின்றது. ஆனால் இரத்தம் எடுப்பது காலையில் மட்டுமே. நீரிழப்பின் முழுத் தாக்கம் தெரிவது பிற்பகல் தொழுகையான அஸருக்குப் பிறகுதான் என்பதால், மாலையிலும் ஒரு நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். உதவிக்கென்று கொடுத்த தொலைபேசியை மாலை ஐந்து மணிக்கு மேல் யாரும் எடுப்பதில்லை என்பது அதைவிடப் பெரிய குறை. மயக்கமும் படபடப்பும் வரக்கூடிய நேரமும், இஃப்தாருக்குப் பிறகு டயாலிசிஸ் நோயாளிக்கு மூச்சு முட்டும் நேரமும் அதற்குப் பிறகே தொடங்குகின்றன.

அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது, உடல்நலம் கெடும் நாளில் செய்ய வேண்டியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்த தாள். மாத நடுவில் உம்மாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, அன்றே நோன்பை விடுவது, நிறுத்தி வைக்க வேண்டிய மூன்று மாத்திரைகள், பருக வேண்டிய நீரின் அளவு, எத்தனை மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பவையெல்லாம் அதில் தெளிவாக இருந்தன. விவாதிக்க இடமில்லாததால் உம்மாவும் மறுக்கவில்லை. அந்த ஒரு தாளுக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம் என்பேன்.

கட்டணம் ஆலோசனைக்குக் குறைவுதான், பரிசோதனைகளுக்குத்தான் அதிகமாகிறது. அதைத் தாங்க இயலாதவர்கள் இதே பரிசோதனைகளை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்து, முடிவுகளோடு இங்கே வரலாம். இவர்கள் அதை ஏற்கிறார்கள். டயாலிசிஸ் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. வயிற்றறை வழி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கான திரவப் பைகளை, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே பெறலாம். வயிற்றறை முறையில் இருப்பவர்களுக்கும் நோன்பு வேண்டாம் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை.

மருத்துவத்துக்கும் மார்க்க விளக்கத்துக்கும் முழு மதிப்பெண் தருகிறேன். உணவுக்குப் பாதிகூடத் தர மனம் வரவில்லை. கண்காணிப்புக்கு மாலை நேர வசதி வந்த பிறகு மாற்றி எழுதத் தயாராக இருக்கிறேன். செல்ல விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். மருந்துகளை மாற்றி, ஒத்திகை பார்த்து, திரும்பவும் பரிசோதிக்க ஆறு முதல் எட்டு வாரங்கள் தேவைப்படும். ஆனால் இந்த மருத்துவமனை, ரமலானுக்கு மிக நெருங்கிய வாரங்களில்தான் முன்பதிவைத் திறக்கிறது. 2027-இன் ரமலான் பிப்ரவரி இரண்டாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும் என்பதால், டிசம்பர் நடுவிலேயே, ரஜப் மாதத்தில், நேரம் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். முன்பதிவு இன்னும் தொடங்கவில்லை என்று சொன்னால் வழக்கமான சிறுநீரகப் புறநோயாளிப் பிரிவிலேயே டாக்டரைப் பார்த்து, நோன்பு வைக்க எண்ணியிருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.